மரத்த கை விழிக்கும் இரவு

தோள்மூட்டை மாற்றிப் பொருத்திய அன்று மாலை நோயாளி பெரும்பாலும் தெளிந்த முகத்தோடுதான் இருப்பார். தோளிலிருந்து விரல்நுனிவரை கை மரத்துக் கிடக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லையே" என்று நிம்மதியாகத் திரும்புவார்கள். வலிதான் இல்லையே என்று, கொடுத்த மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் மரப்பு விலகத் தொடங்கும். முதலில் விரல்களில் ஊசி குத்துவதுபோல ஒரு குறுகுறுப்பு. அரைமணி நேரத்தில் தோளுக்குள் குடைச்சல். அதற்குப் பிறகு விடியும்வரை தூக்கம் கிடையாது.

அந்த இரவைப் பற்றி முன்கூட்டியே தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தெரிந்தவர் மரப்பு இருக்கும்போதே, மணி பார்த்து மாத்திரையைப் போட்டிருப்பார். தெரியாதவர் வலி உச்சிக்கு ஏறிய பிறகு தாதியைக் கூப்பிடுவார். அப்போது விழுங்கிய மாத்திரை வேலை செய்ய அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஏறிவிட்ட வலியை இறக்குவது, ஏறவிடாமல் பிடித்து வைப்பதைவிடக் கடினம்.

அந்த மரப்பு எங்கிருந்து வருகிறது? கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தின் பக்கவாட்டில், இரண்டு தசைகளுக்கு நடுவே கத்தையாக இறங்குகின்றன. சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணர் அல்ட்ராசவுண்ட் திரையில் அந்த நரம்புகளைப் பார்த்தபடி, அவற்றின் அருகில் மரப்பு மருந்தைச் செலுத்துகிறார். பெரும்பாலும் பியுபிவகெயின் அல்லது ரொபிவகெயின் என்ற மருந்து. ஓர் ஊசியின் பலன் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாள்வரை நிற்கலாம். சில இடங்களில் நூல்போன்ற மெல்லிய குழாயை அங்கேயே விட்டு, இரண்டு மூன்று நாளைக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதும் உண்டு.

இந்த முறைக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைந்த வரலாறு இருக்கிறது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர் கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே வலியில்லாமல் கண் சிகிச்சை செய்யலாம் என்று காட்டினார். அடுத்த ஆண்டே நியூயோர்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கைக்குப் போகும் நரம்புகளை அதே மருந்தால் மரக்கச் செய்தார். தன்மேலேயே சோதனை செய்து பார்த்த ஹால்ஸ்டெட் கொக்கெயினுக்கு அடிமையாகி, அதிலிருந்து மீளப் படாத பாடு பட்டார். இன்றைய மரப்பு மருந்துகளுக்கு அந்தப் போதை இல்லை. கழுத்துத் தசைகளுக்கு நடுவே ஊசி போடும் முறையை 1970இல் அமெரிக்க மருத்துவர் அலோன் வின்னி எளிமையாக்கி எழுதிய பிறகு, தோள் சத்திரசிகிச்சைக்கு அது வழமையானது.

ஊசிக்குச் சில பக்க விளைவுகள் உண்டு. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி பயந்துபோவார். குரல் கரகரக்கலாம். ஊசி போட்ட பக்கத்துக் கண்ணிமை கொஞ்சம் தொங்கலாம். மூச்சை இழுத்துவிடும் உதரவிதானத்தின் ஒரு பாதி அந்த நேரத்துக்கு ஓய்ந்துபோவதால் மூச்சு முட்டுவதுபோலவும் இருக்கலாம். மரப்பு விலகும்போது இவையும் விலகும். ஆனால் வருடக்கணக்காக விறகடுப்புப் புகையில் நின்று சமைத்து இழுப்பு வந்தவர்களுக்கு இந்த மூச்சுக் குறைவு சின்ன விஷயம் இல்லை. அவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைப்பார்கள். அல்லது தோளின் பின்புறத்தில் வேறு நரம்பைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே இழுப்பு, நாட்பட்ட இருமல் இருந்தால் மயக்க மருந்து நிபுணர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இத்தனையும் நடப்பது பெரிய வைத்தியசாலையில். நோயாளி திரும்பிப் போக வேண்டிய வீடு டயகமவில் இருந்தால்?

தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனால் டயகம வரும். அதற்கு அப்பால் ஹோர்ட்டன் சமவெளியின் காடும் புல்வெளியும்தான். மழைக்காலத்தில் பகலிலும் மூட்டம் இறங்கி நிற்கும் குளிர்ப் பிரதேசம். டயகமவில் ஒரு வைத்தியசாலை இருக்கிறது. பெரிய வருத்தம் என்றால் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ போக வேண்டும். மூட்டு மாற்றுவதுபோன்ற பெரிய எலும்புச் சத்திரசிகிச்சை என்றால் கண்டி, கொழும்பு என்று பயணம் இன்னும் நீளும். கிளினிக் நாளுக்கு இருட்டில் எழும்பிப் புறப்பட்டு, இருட்டில் வீடு திரும்புவது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. அதனால் "வலித்தால் வாங்க" என்று வார்டில் சொல்லி அனுப்புவது கொழும்பில் இருப்பவருக்குப் போதும், டயகமக்காரருக்குப் போதாது. அவருக்கு வலிக்கான திட்டம் கையில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும்.

தோட்டத்துப் பெண்ணின் தோள் எவ்வளவு உழைக்கிறது என்பதை ஒரு நெறையில் பத்து நிமிடம் நின்று பார்த்தாலே தெரியும். இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் இருக்கும் கூடைக்குள் வீசுகிறாள். திரும்பவும் கிள்ளுகிறாள், வீசுகிறாள். பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, முடிந்து மலையேறியதிலிருந்து அந்திக் கொழுந்து நிறுக்கும்வரை இதுதான் வேலை. கூடையின் கயிறு தலையில். நனைந்த கொழுந்தின் பாரம் கழுத்திலும் தோளிலும். அதற்கு மேல் விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோதும் அந்தக் கிலோக் கணக்கு போகவில்லை. வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தால் சம்பளம் குறையும் என்பதால் வலியைச் சொல்லாமலே வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தோள் வலிக்கும் எல்லோருக்கும் மூட்டு மாற்றத் தேவையில்லை. பெரும்பாலான தோள்வலி தசைநாண் அழற்சியாலோ, தோள் இறுகிப்போவதாலோ வருவது. தோள் இறுகுவது சீனி வருத்தக்காரர்களுக்கு அதிகம். மருந்தும் பயிற்சியும் பொறுமையும் இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை அடங்கும். மூட்டை மாற்றுவது கடைசிக் கட்டம்: குருத்தெலும்பு முழுதாகத் தேய்ந்து எலும்போடு எலும்பு உராயும்போது, முடக்குவாதம் மூட்டை அரித்துவிட்டபோது, தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள் தைக்க முடியாதபடி கிழிந்தபோது, அல்லது விழுந்து மேற்கை எலும்பின் தலை துண்டு துண்டாக நொறுங்கியபோது. கடைசியில் சொன்னது மலைநாட்டில் கவனிக்க வேண்டியது. மழையில் வழுக்கும் படி, பாசி பிடித்த கான், செங்குத்தான மலைப்பாதை. எலும்பு மெலிந்த வயதில் கையை ஊன்றி விழுந்தால் தோள்தான் முதலில் அடி வாங்கும் இடங்களில் ஒன்று.

தேநீர்க் கோப்பையின் தட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் எப்படி இருக்கும்? தோள்மூட்டும் ஏறக்குறைய அப்படித்தான்: பெரிய பந்து, ஆழமில்லாத சிறு குழி. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அதனால்தான் அதைப் பிடித்து வைக்க இத்தனை தசைகள் வேண்டியிருக்கின்றன. இந்த மூட்டை உலோகத்தால் மாற்ற முதலில் துணிந்தவர் பாரிஸைச் சேர்ந்த ஜூல் எமில் பியான். 1893இல், காசநோய் அரித்த தோளோடு வந்த ஒருவருக்கு, பல் மருத்துவர் ஒருவர் செய்து கொடுத்த பிளாட்டினத் தண்டும் இறுகிய ரப்பர்ப் பந்தும் கொண்ட மூட்டைப் பொருத்தினார். சில காலம் கை வேலை செய்தது. பிறகு கிருமித் தொற்றால் அதை எடுத்துவிட வேண்டி வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1950களில் நியூயோர்க்கின் சார்ள்ஸ் நீயர் நொறுங்கிய தோளுக்கு உலோகத் தலை பொருத்தி இன்றைய முறைக்கு வழி திறந்தார். 1985இல் பிரான்சின் பால் கிராமோன் ஒரு படி மேலே போய் மூட்டைத் தலைகீழாக்கினார்: குழி இருந்த இடத்தில் பந்து, பந்து இருந்த இடத்தில் குழி. தசைநாண் கிழிந்துபோன வயதானவர்களும் தோளின் வெளிப்புறத்துப் பெரிய தசையை வைத்தே கையைத் தூக்க முடிந்தது அதனால்தான்.

எந்த வகையாக இருந்தாலும் உள்ளே போக எலும்பையும் தசையையும் வெட்டித்தான் ஆக வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமையாக இருக்கும். இரண்டு வாரத்தில் நன்றாகக் குறையும். இரவு வலி ஆறு வாரம்வரை தலைகாட்டலாம். தோள் முழுதாகப் பழகச் சில மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். பெரும்பாலானவர்கள் சொல்லும் ஒரு செய்தி ஆறுதலானது: எலும்பு உராய்ந்த பழைய வலி போய்விட்டது, இப்போது இருப்பது வெட்டுக்காயத்தின் வலி, இது நாளுக்கு நாள் குறைகிறது.

"எப்படிம்மா வலி?" என்று வார்டில் கேட்டால் தோட்டத்துப் பெண்கள் பலரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "பரவால்ல மிஸ்ஸி." முகம் சுருங்கியிருக்கும், கீழுதடு பல்லுக்குள் இருக்கும், ஆனாலும் பரவாயில்லைதான். பத்துக்கு எத்தனை என்று எண்ணைச் சொல்லச் சொன்னால் சங்கடப்படுவார்கள். அதைவிட, "மூச்சை ஆழமா இழுக்க முடியுதா? ராத்திரி தூங்கினீங்களா? விரலை மடக்கி நீட்ட முடியுதா?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். வலியின் தன்மையைச் சொல்வதும் உதவும். தோளுக்குள் குடைச்சல் என்றால் காயத்தின் வலி. கையில் மின்சாரம் அடித்ததுபோலத் தெறித்தால், எரிந்தால், மரப்பு ஒரு நாளுக்கு மேலும் விலகாமல் இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதால் யாருக்கும் நன்மை இல்லை. வலி இருந்தால் தூக்கம் போகும். தூக்கம் போனால் அடுத்த நாள் வலி கூடும். வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்தால் முழங்கையும் விரல்களும் இறுகும், வீக்கம் வடியாது, பயிற்சி தள்ளிப்போகும். இரண்டு மாதம் கழித்து "ஒப்பரேஷன் சரியில்லை, கை தூக்க முடியவில்லை" என்ற குறை வரும். சத்திரசிகிச்சை ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். பிழை முதல் பத்து நாளில் வலியைக் கவனிக்காமல் விட்டதில் இருக்கலாம். வலிமருந்து கேட்டு வாங்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. கையைக் காப்பாற்றுவது அதுதான்.

இன்று உலகெங்கும் ஏற்றுக்கொண்ட முறை, ஒரே பலமான மருந்தை நம்பாமல், வெவ்வேறு விதமாக வேலை செய்யும் மருந்துகளைச் சிறு சிறு அளவில் சேர்த்துக் கொடுப்பது. அடித்தளம், எல்லோர் வீட்டிலும் இருக்கும் பெரசிட்டமோல். பெனடோல் என்று நாம் சொல்வது அதுதான். சாதாரணக் காய்ச்சல் மாத்திரை என்று அதைக் குறைவாக நினைப்பவர்கள் அதிகம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, விடாமல், மணி பார்த்துப் போட்டால் மற்ற மருந்துகளின் தேவை குறையும். உடல் எடை போதுமான வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு இரண்டு. இருபத்துநான்கு மணி நேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. ஐம்பது கிலோவுக்கும் குறைந்த மெலிந்த உடம்புக்கும், ஈரல் நோய் உள்ளவருக்கும், குடிப்பழக்கம் உள்ளவருக்கும் அளவு இன்னும் குறைய வேண்டும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு பொறியும் இருக்கிறது. பெனடீன் போன்ற மாத்திரைகளிலும் பல தடிமன் மாத்திரைகளிலும் இதே பெரசிட்டமோல்தான் சேர்ந்திருக்கிறது. பெயர் வேறு என்று இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரலுக்கு ஆபத்து.

அடுத்தது அழற்சியை அடக்கும் மாத்திரைகள்: டைக்குளோபினக், ஐபுபுரோபென், செலிகொக்சிப். வீக்கத்தோடு வரும் வலிக்கு நல்ல பலன் தருபவை. ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்களும் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. காலையில் ஒரு பிளேன்டீயோடு பொழுதைத் தொடங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வெறும் வயிற்றில் வேண்டாம், ஒரு ரொட்டியாவது சாப்பிட்ட பிறகுதான்.

மேல்தட்டில் இருப்பவை கோடின், டிரமடோல், மோர்பின். முதல் சில நாள்களுக்கு, மற்றவை போதாதபோது மட்டும். இவற்றைக் கண்டு தேவைக்கு மேல் பயப்படவும் வேண்டாம், தேவைக்கு மேல் நம்பவும் வேண்டாம். அமெரிக்காவில் இந்த வகை மருந்துகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்ததில் தொடங்கிய பழக்கம் 1990களின் இறுதியிலிருந்து இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. மறுபக்கம், கடுமையான வலியில் நான்கைந்து நாள் மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பதற்குப் பயந்து துடிப்பதும் தேவையற்றது. 2018இல் அங்கே வெளியான ஓர் ஆய்வு நமக்கும் பாடம். தோள் தசைநாண் சத்திரசிகிச்சைக்கு முன்பு, இந்த மருந்துகளை எப்படி, எவ்வளவு நாள் எடுப்பது என்று விளக்கம் பெற்ற நோயாளிகள், பெறாதவர்களைவிடக் குறைந்த மாத்திரைகளையே எடுத்தார்கள். உட்கார்ந்து பேசிய அந்தக் கொஞ்ச நேரமே ஒரு மருந்தாக வேலை செய்திருக்கிறது.

இந்த மாத்திரைகள் மலச்சிக்கல் தரும். தண்ணீரும் கீரையும் வாழைப்பழமும் கூட வேண்டும். தேவையானால் மலமிளக்கியையும் சேர்த்தே எழுதச் சொல்ல வேண்டும். தலைசுற்றலும் வரும். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அது பெரிய விஷயம். பல லயங்களில் மலசலகூடம் வெளியே, சில படி இறங்கிப் போகும் தூரத்தில். ஒரு கை தூக்குப்பட்டியில், மழை, இருட்டு, டிரமடோல் மயக்கம். இந்த நான்கும் சேர்ந்தால் விழாமல் இருப்பது அதிர்ஷ்டம்தான். இரவில் கட்டாயம் ஒருவர் கூடப் போக வேண்டும், டோர்ச் வேண்டும், அல்லது முதல் சில வாரத்துக்குக் காம்பராவிலேயே ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சாராயத்தோடும் தூக்க மாத்திரையோடும் இவற்றைச் சேர்த்தால் மூச்சே தாழ்ந்துபோகலாம். மிச்சமானதைப் பக்கத்துக் காம்பராவில் இடுப்பு வலிக்கிறவருக்குக் கொடுப்பது, நல்ல மனதோடு செய்தாலும், ஆபத்தான உதவி.

படுக்கை விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் வலியின் பாதி இரவில்தான் இருக்கிறது. மட்டமாகப் படுத்தால் தோள் பின்னால் சரிந்து இழுக்கும். முதல் சில வாரம் பாதி உட்கார்ந்த நிலையில், முதுகைச் சாய்த்துத் தூங்குவதுதான் சுகம். சாய்மானத்துக்கு விலை உயர்ந்த கட்டில் தேவையில்லை: சுவரோரம் போட்ட கட்டிலில் இரண்டு மூன்று தலையணை, அல்லது இறுகச் சுருட்டிய மெத்தை, அதன்மேல் கம்பளி. முழங்கைக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணையோ மடித்த துவாயோ வைத்து, படுத்திருக்கும்போது தன் முழங்கை தன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் தோள் சரியான இடத்தில் இருக்கிறது. பாயில் தரையில் படுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். தரையிலிருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டி வரும். சத்திரசிகிச்சை செய்த கையை ஊன்றவே கூடாது. ஆகவே வார்டிலிருந்து வருவதற்கு முன்பே வீட்டார் ஒரு கட்டிலோ உயரமான நாற்காலியோ தேடி வைப்பது நல்லது.

உடுப்பு மாற்றுவதிலும் வலி இருக்கிறது. முன்பக்கம் பட்டன் உள்ள தளர்ந்த சட்டை அல்லது ஹவுஸ்கோட். போடும்போது சத்திரசிகிச்சை செய்த கை முதலில் உள்ளே. கழற்றும்போது அது கடைசியில். தலைகீழ் மூட்டு பொருத்தியவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது, மூட்டு விலகிவிடலாம். சேலையைப் பின்னால் செருகுவது, கொண்டை முடிவது, உள்ளாடைக் கொக்கி மாட்டுவது எல்லாம் சில மாதத்துக்கு வேறொரு கையின் வேலை. அக்குளை நாளும் மெதுவாகத் துடைத்து ஈரமில்லாமல் வைத்தால் தோல் புண்ணாகாது, கிருமியும் சேராது.

டயகமக் குளிரில் ஐஸ் வைக்கச் சொன்னால் யாரானாலும் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் முதல் நாள்களில் குளிர் ஒத்தடம் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம். தோல் மரத்திருக்கும்போது வைத்தால் குளிர்ப்புண் வந்தாலும் தெரியாது, கவனம். மாறாக, காயம் ஆறும் முன் எண்ணெய் தேய்ப்பது, சித்தாலேப பூசுவது, வெந்நீர்ப் போத்தல் வைப்பது, உருவி விடுவது எதுவும் வேண்டாம். பாட்டி கைப்பக்குவத்தின் மேல் உள்ள மரியாதை குறையத் தேவையில்லை. உள்ளே உலோகம் இருக்கும் தோளில் கிருமி ஏறினால் எல்லாவற்றையும் திரும்பத் திறக்க வேண்டி வரும் என்பதுதான் காரணம்.

பயிற்சி சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளே தொடங்கும், தோளில் இல்லை, விரலில். பழைய துணிப் பந்தைப் பிடித்து அமுக்குவது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது. பிறகு இயன் மருத்துவர் சொல்லும் நாளில், முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல மெல்ல ஆட்டுவது. தூக்குப்பட்டி பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். பயிற்சிக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் மாத்திரை போட்டால் கை இணங்கும். பயிற்சிக்குப் பின் வரும் வலி ஓரிரு மணி நேரத்தில் அடங்கினால் சரியான அளவு. அடுத்த நாளும் நீடித்தால் கொஞ்சம் கூடிவிட்டது. டயகமவிலிருந்து அடிக்கடி இயன் மருத்துவரிடம் போய்வர முடியாது. முதல் சந்திப்பிலேயே பயிற்சிகளைப் பிள்ளைகளின் போனில் படம்பிடித்து வந்துவிடலாம். அப்படிக் கேட்கத் தயங்கக் கூடாது.

1984இல் 'சயன்ஸ்' இதழில் ரொஜர் உல்ரிச் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பென்சில்வேனியாவின் ஒரு வைத்தியசாலையில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரியும் அறையில் இருந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டும் தெரியும் அறையில் இருந்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு போனார்கள். பலமான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். நாற்பத்தாறு பேரை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் டயகமவில் கதவைத் திறந்தாலே பச்சை. நோயாளியை இருட்டுக் காம்பராவுக்குள் அடைத்து வைக்காமல், வெயில் வரும் நேரத்தில் இஸ்தோப்பில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் செலவு ஒன்றுமில்லை. நாலு பேர் வந்து பேசிவிட்டுப் போவதும் வலியிலிருந்து மனதைத் திருப்பும்.

வேலைக்குத் திரும்புவது பற்றி வீட்டிலும் தோட்ட நிர்வாகத்திடமும் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். முதல் ஆறு வாரம் அந்தக் கையால் தேநீர்க் கோப்பைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தசைக்குப் பலம் ஏற்றும் பயிற்சி. தலைகீழ் மூட்டு என்றால் பாரம் தூக்குவதற்குப் பல நிபுணர்கள் ஆயுளுக்கும் எல்லை போட்டுவிடுவார்கள். நனைந்த கொழுந்துக் கூடையும் விறகுக் கட்டும் அந்த எல்லைக்குள் வருமா என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இலேசான வேலைக்கு மருத்துவச் சான்று கேட்பது உரிமை. அதைக் கொடுக்கும் நிர்வாகமும் அரைப்பேர்க் கணக்கைக் கொஞ்சம் மறந்து, பல வருடம் தனக்காக உழைத்த தோள் இது என்று பார்க்க வேண்டும். வீட்டில் விறகும் தண்ணீரும் சமையலும் அந்த மாதங்களில் ஆண்களின் வேலை. "அவ பழகிட்டா, சமாளிச்சுக்குவா" என்று விட்டால் மாத்திரை எவ்வளவு போட்டாலும் வலி நிற்காது.

வார்டைவிட்டுப் புறப்படும் முன், எந்த மாத்திரை, எந்த நேரம், எத்தனை நாள், எதை முதலில் நிறுத்துவது என்று தமிழில் எழுதி வாங்குங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, கேட்பதில் தவறில்லை. வழக்கமாகப் பலமான மருந்தை முதலில் விடுவார்கள், பெரசிட்டமோலைக் கடைசியில். நீண்ட பஸ் பயணத்துக்கு முன் ஒரு வேளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சத்திரசிகிச்சை செய்த தோளை ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் வைத்து உட்காருங்கள். மருந்து தீர இரண்டு நாள் இருக்கும்போதே டயகம வைத்தியசாலைக்குக் கிளினிக் கொப்பியோடு போங்கள்.

குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று கூடினால், தோளின் உருவம் மாறினால், காயத்தில் சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தால், கை விரல்கள் வெளுத்தாலோ உணர்வு போனாலோ அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். கால் ஒன்று வீங்கி வலித்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சு திணறினாலோ அந்த நிமிடமே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு கிடையாது.